தாடை ஒரு பக்கம் வளராத பிள்ளைகள்: எலும்பை நீட்டும் சிகிச்சை

முகம் ஒரு பக்கம் சிறுத்து, மோவாய் கோணிப் பிறந்த பிள்ளையைப் பார்த்ததும் "கிரகணத்தில் வெளியே போனாயா?" என்று தாயைக் கேட்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. சிம்பாங் ரெங்கம் தோட்டமானாலும் பட்டணமானாலும் பழி அவள் மேல்தான். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கருவின் தொடக்க வாரங்களில் தாடையும் காதும் உருவாகும் பகுதி ஒரு பக்கம் சரியாக வளராமல் போவதே இதற்குக் காரணம். சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்று இப்படி அமைகிறது. அந்தப் பக்கத்துக் காதும் சிறுத்திருக்கலாம் என்பதால் கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். நன்றாகப் பிறந்த பிள்ளைக்கும் இது வரலாம். மோவாயில் அடிபட விழுந்து தாடை மூட்டு இறுகிவிட்டால் அந்தப் பக்கம் வளர்ச்சி தடைப்படும். விழுந்த பிள்ளைக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

முன்பெல்லாம் விலா எலும்பை வெட்டித் தாடையில் ஒட்டினார்கள். சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் 1950களில் கால் எலும்பை மெல்ல மெல்ல நீட்டிக் காட்டினார். அதே வழியில் பிள்ளைகளின் கீழ்த்தாடையை நீட்டிய விவரத்தை நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி 1992இல் வெளியிட்டார்.

நரம்பைக் காயப்படுத்தாமல் தாடை எலும்பை வெட்டி, இரு துண்டுகளையும் ஒரு சிறு கருவியால் இணைக்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு நாள் காத்திருந்து, பிறகு தினமும் சுமார் 1 மில்லிமீட்டர் அளவுக்குத் திருகைச் சுற்ற வேண்டும். காட்டிக் கொடுத்தால் பெற்றோரே வீட்டில் இதைச் செய்யலாம். இடைவெளியில் புது எலும்பு ஊறும். தசையும் தோலும் கூடவே நீளும். அது இறுக இன்னும் இரண்டு மாதம் போல ஆகும். அதுவரை கஞ்சி, மசித்த சோறுதான்.

ஒரே அறுவையில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பக் கூடாது. நீட்டிய பக்கம் மறுபக்கத்தின் வேகத்தில் வளராமல் போகலாம்; பெரியவரானதும் மறுபடி சிகிச்சை தேவைப்படும். பற்களைச் சீராக்கக் கம்பியும் போட வேண்டிவரும். கோணல் லேசானது என்றால் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். தூக்கத்தில் பலத்த குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறும் பிள்ளையை மட்டும் காத்திருக்க வைக்கக் கூடாது.

அரசாங்கக் கிளினிக்கிலோ அரசாங்கப் பல் கிளினிக்கிலோ காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் வாய், முகத்தாடை அறுவைப் பிரிவுக்குப் போகலாம். பிள்ளையின் பழைய படங்கள் சிலவற்றையும் கொண்டு போவது நல்லது. கோணல் கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை மருத்துவர் அவற்றை வைத்துப் பார்ப்பார்.