மாரிக்கு ஏற்ற மேட்டுப்பாத்தி: வீட்டு வளவில் மரக்கறித் தோட்டம்

வன்னியிலும் கிழக்கு மாகாணத்திலும் கார்த்திகை மாதத்தில் கமக்காரர் வளவுகளை நோக்கின் ஒரு முரண் புலப்படும். வயலில் நெற்பயிர் பசுமை குன்றாது செழித்து நிற்கும். வீட்டின் பின்புறத்திலோ புரட்டாதியில் நட்ட கத்தரியும் மிளகாயும் மஞ்சளித்துத் தலை சாய்ந்திருக்கும். காலபோக நெல்லுக்கு உயிர் கொடுக்கும் அதே மழைதான் மரக்கறியைக் கொல்கின்றது. இதனால், ஆண்டில் நீர் மிகுந்த மாதங்களிலேயே கமக்காரர் குடும்பம் மரக்கறிக்குச் சந்தையை நம்பி இருக்க நேர்கின்றது. மழையாற் சேதமுற்று வரத்துக் குறைவதால் விலையும் அக்காலத்தில் ஏறுவதுண்டு. நெல் விற்ற பணம் கைக்கு வருவதோ மாசியில் அல்லது பங்குனியில். அதுவரை கறிக்கு வேண்டிய காசு கடனாகவே கழிகின்றது.

இலை மஞ்சளித்தவுடன் பசளை போதவில்லை எனக் கருதி யூரியா இடுவோர் பலர். இட்ட பசளை மழைநீருடன் கரைந்து போகும், செடி தேறாது. உண்மையான காரணம் வேறு. செடியின் வேரும் சுவாசிக்கின்றது. மண் துகள்களின் இடைவெளியில் உள்ள காற்றையே அது சுவாசிக்கின்றது. இடைவெளி முழுவதும் நீரால் நிரம்பி இரண்டு மூன்று நாட்கள் நின்றால் வேர்நுனிகள் மூச்சின்றி மடிகின்றன. மடிந்த வேரில் அழுகற் பூசணம் எளிதிற் பற்றுகின்றது. நெல்லின் நிலை இவ்வாறன்று. அதன் தாளினுள்ளே காற்றறைகள் உள. இலைவழி புகும் காற்று அவற்றினூடாக வேர்வரை செல்கின்றது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் அத்தகைய அமைப்பு இல்லை. ஆகவே, வயலில் நீரைத் தேக்குவதற்கு வரம்பு கட்டிப் பழகிய கை, தோட்டத்தில் நீரை வடிப்பதற்கு மண்ணை உயர்த்தப் பழகுதல் வேண்டும். மேட்டுப்பாத்தியின் நோக்கம் இதுவே, அழகன்று.

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதையும், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியையும் கமக்காரர் மறந்திரார். 2022 யூனில், வீட்டுத்தோட்டம் செய்யும் பொருட்டு, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது. எங்கும் பாத்திகள் தோன்றின. ஆயினும் கோடையிற் கொத்திய தட்டைப் பாத்தி மாரியிற் குளமாவது இயல்பு. விதையும் எருவும் மட்டும் இருந்தாற் தோட்டம் அமைந்துவிடாது. நீர் போகும் வழியை முதலில் எண்ணல் வேண்டும்.

உயர்த்த வேண்டிய மண்ணும் உயர்த்தலாகாத மண்ணும்

எல்லா நிலத்திலும் பாத்தியை ஒரே அளவாக உயர்த்துதல் தவறு. முருங்கன் பகுதியின் கருங்களிமண்ணும், வன்னியிலே குளத்தின் கீழுள்ள தாழ்நிலக் களியும் நீரை எளிதில் விடா. அங்கு பாத்தி ஓரடி வரை உயரலாம். வன்னியின் மேட்டு நிலங்களிலுள்ள செங்கபில மண்ணுக்கு 8 அல்லது 9 அங்குலம் போதும். யாழ்ப்பாணத்துச் செம்மண் நீரை நன்கு வடிக்கும். அங்கு அரை அடிக்கு மேல் உயர்த்துவது வீண் வேலை. மட்டக்களப்புக் கரையோரத்தைப் போன்ற மணல் நிலத்திற் பாத்தியை உயர்த்தவே கூடாது. உயர்த்திய மணல் ஒரு நாள் வெயிலிற் காய்ந்துவிடும். அங்கு பாத்தி நிலமட்டத்திலோ, சற்றுத் தாழ்ந்தோ இருத்தலே நன்று.

ஐயமுள்ளோர் ஓரடி ஆழக் குழியொன்றை வெட்டி நீர் நிரப்புதல் வேண்டும். அந்நீர் வற்றியபின் மீண்டும் நிரப்பிப் பார்க்கலாம். இரண்டாம் முறை ஊற்றிய நீர் நான்கு மணித்தியாலத்தின் பின்னும் குழியில் நின்றால், அந்நிலத்தில் மேட்டுப்பாத்தி இன்றி மாரித் தோட்டம் செய்தல் வீண்.

இடத்தைத் தெரியும்போது நாளொன்றுக்கு ஆறு மணித்தியால வெயிலாவது படுகின்றதா என நோக்கல் வேண்டும். மாரியில் வெயில் குறைவு. கோடையில் நல்ல நிழலாகத் தோன்றிய மாமரம் கார்த்திகையில் தோட்டத்துக்குப் பகையாகும். கூரைத் தாழ்வாரத்தை ஒட்டிப் பாத்தி அமைத்தலும் ஆகாது. 300 சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஏறக்குறைய 2,800 லீற்றர் நீர் தாழ்வாரத்தால் வடியும். அது பாத்தியின் மேல் விழுமாயின் மண்ணையே கொண்டு போய்விடும்.

பாத்தி அமைத்தல்

பாத்தியின் அகலம் 3 அடி. இருபுறமும் நின்று கையை நீட்டினால் நடு எட்ட வேண்டும். ஒருபோதும் பாத்தியின் மேல் மிதிக்கலாகாது. மிதித்த இடத்தில் மண் இறுகிக் காற்று வழி அடைபடும். நீளம் வசதி போல அமையலாம். 10 அடி கையாள்வதற்கு எளிது. இரு பாத்திகளுக்கு இடையே ஒன்றரை அடி அகலத்தில் நடைவழி விடுதல் வேண்டும். அதுவே மாரியில் வடிகாலாகும்.

வெளியிலிருந்து மண் வாங்க வேண்டியதில்லை. நடைவழியை 6 அங்குலம் தோண்டி, அம்மண்ணைப் பாத்தியின் மேல் இட்டால் பாத்தி 3 அங்குலம் உயரும். வழி 6 அங்குலம் தாழ்ந்தும் பாத்தி 3 அங்குலம் உயர்ந்தும் நிற்பதால் இரண்டிற்கும் இடையே 9 அங்குல வேறுபாடு கிடைக்கும். எருவும் சேர்ந்தாற் பின்னும் சிறிது உயரும். இவ்வளவில் நான்கு பாத்திகளுக்கு 18 அடிக்கு 10 அடி நிலம் போதும். சிறு குடும்பமொன்று அதனைத் தொடங்கிப் பார்த்தல் நன்று. எடுத்த எடுப்பில் வளவு முழுவதையும் கொத்துவோர் தையிற் களையுடன் போராடிச் சலித்துவிடுவர்.

நடைவழிக்கு 10 அடிக்கு 1 அங்குலம் வீதம் சரிவு வேண்டும். நீரூற்றிப் பார்த்தால் ஓட்டம் தெரியும். வழிகள் யாவும் தாழ்ந்த முனையில் ஒரு வாய்க்காலிற் சேர வேண்டும். அவ்வாய்க்கால் முடியும் இடத்தில் வாழை, சேம்பு, கங்குன், வல்லாரை ஆகியன நட்டாற் கழித்த நீரும் பயன் தரும். இவை ஈரத்தை விரும்புவன.

களிமண்ணை ஈரத்தோடு கொத்தலாகாது. கட்டி கட்டியாய் இறுகிவிடும். கோடை முடிவிலோ அது கல்லாகிக் கிடக்கும். எனவே, முதல் நாள் மாலை நீர் விட்டு, மறுநாட் காலை கைப்பிடி மண் பொலபொலவென உதிரும் பதத்திற் கொத்துதல் வேண்டும். ஆவணி மாதம் இவ்வேலைக்கு ஏற்றது. 10 அடிப் பாத்தியொன்றுக்கு நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு மூன்று கடகம் இட்டு மேல் அரை அடி மண்ணுடன் கலத்தல் வேண்டும். மக்கிய எருவில் சூடு இராது; மண் வாசனையே வீசும். பச்சைச் சாணம் வேரைச் சுடும்; வண்டுகளின் வெண்புழுவையும் கொணரும். களி நிலத்தில் ஆலையிலிருந்து கிடைக்கும் உமியைக் கருக்கி ஒரு கடகம் சேர்த்தால் மண் இளகும். உமியைச் சாம்பலாகும்வரை எரிக்காது, கருமையாக நிற்கும் பதத்தில் நீர் தெளித்து அணைத்தல் வேண்டும். அடுப்புச் சாம்பலை யாழ்ப்பாணத்தில் அள்ளி இடுவோர் நிறுத்துவது நன்று. அங்குள்ள மண் சுண்ணாம்புக் கல்லின் மேற் கிடப்பது. மேலும் காரம் சேர்ப்பதாற் பயனில்லை.

பாத்தியின் கரையைச் சரிவாக வெட்டி மண்வெட்டியின் பின்புறத்தாற் தட்டிவிட்டால் வேறு தடுப்பு வேண்டியதில்லை. கரை கட்ட விரும்புவோர் உடைந்த செங்கல், பனங்குற்றி, தென்னங்குற்றி ஆகியவற்றை இடலாம். மரக்குற்றியிற் கறையான் ஏறாது பார்த்தல் வேண்டும். பழைய அஸ்பெஸ்தஸ் தகட்டை வெட்டிக் கரை அமைப்பது ஆபத்து. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. மைபூசிய பழம் பலகையும் வேண்டா.

நாற்றும் நடுகையும்

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றின் விதையை ஆவணிக் கடைசியில் நாற்றுமேடையில் இடல் வேண்டும். பெருமழை தொடங்குமுன் செடி வேரூன்றிவிட வேண்டும் என்பதே இதன் கருத்து. மேடையை நனைத்துத் தெளிந்த பொலித்தீன் தாளால் மூடி இரண்டு அல்லது மூன்று வாரம் வெயிலிற் காயவிட்டால், நாற்றழுகல் நோயின் வித்துக்களும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். 4 அங்குல இடைவெளியில் வரியிட்டு, விதையை மெல்லிதாகத் தூவி, அரை அங்குலத்துக்கு மேற்படாது மண்ணால் மூடுதல் வேண்டும். நெருக்கித் தூவுவதே நாற்றழுகலுக்கு முதற் காரணம். மழைக்குக் கிடுகுப் பந்தல் சரிவாக இடலாம். வெயில் நேரத்தில் அதனை நீக்கிவிடல் வேண்டும்.

தக்காளி மூன்று வாரத்திலும், கத்தரி நான்கு வாரத்திலும், மிளகாய் நான்கு முதல் ஐந்து வாரத்திலும் நடும் பருவம் அடையும். மூன்றடிப் பாத்தியில் மிளகாயும் தக்காளியும் ஒன்றரை அடி இடைவெளியில் இரு வரியாக நடலாம். தக்காளிக்குக் கம்பு நட்டுக் கட்டுதல் மாரியிற் கட்டாயம். மண்ணைத் தொடும் இலை வழியே நோய் ஏறுகின்றது. கத்தரியைப் பாத்தியின் நடுவில் ஒரே வரியாக இரண்டடிக்கு ஒன்றாக நட்டால் ஐந்து செடி அமையும். ஐந்து கத்தரி குறைவெனத் தோன்றலாம். நெருக்கி நட்ட பத்தைவிட அவை கூடுதலாகக் காய்க்கும். திருநெல்வேலி ஊதா என்னும் கத்தரியினமும், எம்.ஐ. 2 மிளகாயும், எம்.ஐ. 5 வெண்டியும் விவசாயத் திணைக்களத்தின் இனங்களாகும். வெண்டியையும் பயிற்றையும் நாற்றிடாது நேரே விதைத்தல் வேண்டும். பயிற்றங்கொடியும் பாகலும் பாத்தியின் வடக்கு ஓரத்திற் பந்தலேறுமாயின் ஏனைய செடிகளுக்கு நிழல் விழாது. மாரியில் ஞாயிறு தென்புறம் சாய்ந்தே செல்கின்றது.

நட்டவுடன் வைக்கோலை இரண்டங்குலத் தடிப்பில் பரப்புதல் வேண்டும். மழைத்துளி மண்ணை அறைந்து இறுக்குவதையும் சேற்றை இலையில் தெறிப்பதையும் அது தடுக்கும். தண்டை ஒட்டி மட்டும் இடைவெளி விடல் வேண்டும்.

வாடல் நோய்

பசிய இலையுடன் நின்ற கத்தரி அல்லது தக்காளி நண்பகலில் திடீரென வாடி, மாலையிற் தேறி, சில நாளில் மடியுமாயின், பற்றீரியா வாடல் என ஐயுறலாம். அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டால், சில நிமிடத்திற் பால் போன்ற இழை வடியும். அவ்வாறு வடிந்தால் ஐயமில்லை. இதற்கு மருந்தில்லை. செடியை வேருடன் பிடுங்கி எரித்தல் வேண்டும். கூட்டெருக் குழியிற் போடலாகாது. மேட்டுப்பாத்தி இந்நோயைத் தீர்க்காது. ஆனால், நோய்ப்பட்ட பாத்தியின் நீர் அடுத்த பாத்தியின் மேற் பரவாது வாய்க்கால்வழி போகும். நான்கு பாத்தியில் ஒன்று போயினும் மூன்று எஞ்சும். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பத்தன. ஒன்று மடிந்த பாத்தியில் மற்றதை நடாது, பயிற்றையோ வெண்டியையோ கீரையையோ இடல் வேண்டும்.

மழை ஓய்ந்த பின்

தை பிறந்ததும் நிலைமை மாறும். இதுவரை வடிக்க வேண்டியிருந்த நீரை இனித் தேக்க வேண்டும். உயர்ந்த பாத்தி கோடையில் விரைந்து காயும் என்பது மெய். அதனாலேயே பலர் அதனை மாசியிற் கைவிடுகின்றனர். கைவிட வேண்டியதில்லை. வயல் வேலை அறிந்தவருக்கு மடை புதிதன்று. நடைவழிகள் வாய்க்காலிற் சேரும் இடத்தில் மண்ணால் மடையிட்டு, கிணற்று நீரை வழியினுள் விட்டால், அது பக்கவாட்டில் ஊறி வேரை அடையும். செடியின் மேல் நீர் ஊற்றும் வேலையும் மிச்சமாகும். களிமண்ணில் இம்முறை சிறப்பாகப் பலன் தரும். செம்மண்ணிலும் வடிகாலுள்ள மண்ணிலும் நீர் கீழே இறங்கிவிடுமாதலால், அங்கு பாத்தியின் மேற்பரப்பைச் சற்றுக் குழிவாக்கி, வைக்கோற் போர்வையை இருமடங்காக்கி, காலையில் மேலே நீர் விடுதல் நன்று. மீண்டும் ஐப்பசியில் முகில் கறுக்கும்போது மடையை வெட்டிவிட்டால் வழி வடிகாலாகிவிடும்.