தேங்கிய நீரும் தூவும் குழாயும்

ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே, பெலவியூ ஸ்ராற்போட் என்னும் பெரிய விடுதியில், 1976ஆம் ஆண்டு யூலை மாதம் முன்னாட் போர்வீரர்களின் மாநாடு ஒன்று நடைபெற்றது. அமெரிக்கன் லீஜன் என்பது அவர்களுடைய சங்கத்தின் பெயர். கூடிக் களித்து வீடு திரும்பிய சில நாள்களுள் அவர்களிற் பலர் கடுஞ்சுரத்தாலும் இருமலாலும் மூச்சுத் திணறலாலும் வருந்தலாயினர். போர்முனையைக் கண்டு மீண்டோர், விடுதியொன்றிலே தங்கியமையால் மாண்டனர். சங்கத்தவர் 29 பேரும், விடுதிப் பக்கம் வந்துபோன பிறர் சிலருமாக 34 பேர் உயிர் துறந்தனர்.

காரணம் யாதென அறியாது வைத்திய உலகம் மாதக்கணக்காகத் திகைத்தது. 1977ஆம் ஆண்டு சனவரியில் யோசெப் மக்டேட் என்னும் ஆராய்ச்சியாளர், அதுவரை எவரும் இனங்காணாத ஒரு பற்றீரியாவே அக்கொடுமையைச் செய்தது என வெளிப்படுத்தினார். சங்கத்தின் பெயரை அடியொற்றி அதற்கு லெஜியோனெல்லா என்று பெயரிடப்பட்டது. விடுதியின் குளிரூட்டும் ஏற்பாட்டின் வழியே அது பரவியதென்று கருதப்படுகின்றது.

மாளிகைகளுக்கு வந்த கேடு சிறு குடில்களுக்கு வருமோ என்று சிலர் வினவலாம். வரக்கூடும். ஆயினும் சிறிய இடத்திலே அதனைக் கண்டறிந்து தடுப்பது எளிது.

இக்கிருமி ஆற்றிலும் குளத்திலும் இயல்பாகவே சிறிதளவில் வாழ்வது. அது பெருகித் தீங்கு செய்வதற்கு மூன்று வாய்ப்புகள் ஒருங்கு சேர்தல் வேண்டும். முதலாவது வெப்பம். 20 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறங்கிக் கிடக்கும். 20 முதல் 45 பாகை வரை செழித்து வளரும். 60 பாகையில் விரைவில் மடியும். இரண்டாவது தேக்கம். அசையாத நீரில், சேறும் துருவும் வழுவழுப்பான படலமும் அதற்கு உணவும் உறையுளும் ஆகின்றன. மூன்றாவது தூவல். நீர் நுண்டுளிகளாகச் சிதறி மூச்சோடு நுரையீரலைச் சென்றடையும்போதே நோய் உண்டாகின்றது. இந்நோய் பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. முதியோர், புகைபிடிப்போர், நீரிழிவும் நுரையீரல் நோயும் உடையோர் ஆகியோரையே இது பெரிதும் வாட்டும். நோயுற்றோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறக்க நேரிடுகின்றது. காலத்தோடு கண்டறிந்தால் உரிய மருந்துகளால் மாற்றலாம்.

பிரித்தானியாவிலே, தொழில் நடத்துவோரும் வீடு வாடகைக்கு விடுவோரும் தத்தம் இடத்தின் நீரமைப்பை இக்கண்கொண்டு ஆராய்தல் சட்டப்படி கடமையாகும். சிறு கடை, சிற்றலுவலகம் போன்ற எளிய இடமாயின், விடயம் அறிந்த உரிமையாளர் தாமே இதனைச் செய்யலாம். பெருஞ் செலவும் வேண்டியதில்லை, ஆய்வுகூடச் சோதனையும் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் போதும்.

அவர் நீர் வரும் வழியைத் தொடக்கம் முதல் இறுதி வரை நடந்து பார்க்கின்றார். தாங்கிக்கு மூடி உண்டா? அடியிலே சேறு படிந்துள்ளதா? பாவனையற்ற குழாய்க் கிளை எங்கேனும் முட்டி நிற்கின்றதா? எந்தக் குழாய் நெடுநாள் திறக்கப்படவில்லை? தூவற்குழாயின் முகத்திலே சுண்ணாம்புப் படிவு உண்டா? பின்னர் வெப்பநிலையை அளக்கின்றார். குளிர்நீர்க் குழாயைத் திறந்து இரண்டு நிமிடத்துள் நீர் 20 பாகைக்குக் கீழே வருதல் வேண்டும். சேமிக்கும் வெந்நீர் 60 பாகையில் இருத்தல் வேண்டும். குழாயைத் திறந்து ஒரு நிமிடத்துள் 50 பாகையேனும் காட்டுதல் வேண்டும். அத்தகைய நீர் தோலைச் சுடும் ஆகையால், சிறுவரும் முதியோரும் புழங்குமிடத்தில் குளிர்நீர் கலந்தே வழங்குவர். பாவனை குறைந்த குழாய்களை வாரம் ஒருமுறை திறந்து ஓடவிடுவதும், தூவல் முகங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுவதும் அங்குள்ள வழக்கம்.

இவ்வளவுகளை நமது நாட்டுக்குப் பொருத்திப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். நுவரெலியா போன்ற குளிர்மலைப் பகுதிகளை விட்டால், நம் குழாய்களில் வரும் நீர் 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. கூரைமேல் வெயிலிலே காயும் தாங்கியின் நீரைக் கேட்கவே வேண்டியதில்லை. அதாவது, மூன்று வாய்ப்புகளுள் வெப்பம் நம்மிடம் எப்பொழுதும் ஆயத்தமாகவே உள்ளது. ஆகவே தேக்கத்தையும் தூவலையும் கட்டுப்படுத்துவதே நமக்குள்ள வழி. கிணற்றடியிலே வாளியால் அள்ளி முழுகியவர்களுக்கு இவ்வச்சம் மிகக் குறைவு. தாங்கியும் தூவற்குழாயும் வந்த பின்னரே நாம் இதனைக் கருதவேண்டியவரானோம்.

யாழ்ப்பாணத்திலே இன்று பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. உரியவர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். நல்லூர்த் திருவிழாவுக்கென வயது முதிர்ந்த பெற்றோருடன் வந்திறங்குவர். மாதக்கணக்காக அசையாத நீர் தாங்கியிலும் குழாயிலும் நிற்கும். பயணக் களைப்புத் தீர, அம்முதியவரே முதலில் தூவற்குழாயின் கீழ் நிற்பார். அந்த ஒரு முழுக்கைச் சற்றுப் பிற்போடுதல் அறிவுடைமை.

உறவினர் வருமுன்னரே வீட்டைக் கூட்டி மெழுகுகின்றோம் அன்றோ? அதனோடு தாங்கியையும் வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்புக. குளோரீன் இடும் அளவையும் முறையையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக. பின்னர் யன்னல்களைத் திறந்துவைத்து, ஒவ்வொரு குழாயையும் சில நிமிடம் ஓடவிடுக. தூவற்குழாயின் முகத்தைக் கழற்றிவிட்டோ, நீர் நிறைந்த வாளிக்குள் அமிழ்த்தியோ ஓடவிட்டால் துளிகள் காற்றிலே பறவா. முற்றத்து வெயிலிற் கிடந்த பூந்தோட்டக் குழாயின் முதல் நீரையும் தூவாது நிலத்தில் வழியவிடுக. தாங்கியின் மூடியை மறவாது மூடுக.

மாணவர்கள் இதனை ஒரு விடுமுறைப் பயிற்சியாகக் கொள்ளலாம். ஆய்வுகூட வெப்பமானி ஒன்றைக் கேட்டுப் பெற்று, காலையிலும் நண்பகலிலும் வீட்டுக் குழாய்நீரை அளந்து குறித்து, குழாய்களின் வழியைப் படமாக வரைந்து பாருங்கள். எங்கே நீர் நிற்கின்றதென்பதை அப்படமே காட்டும். அதனைப் பெற்றோரிடம் காட்டுங்கள். வீட்டிலே பாட்டனோ பாட்டியோ இருப்பின், அவர்களுக்கு அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை.