சத்திரசிகிச்சைக்குப் பின் கை வீங்காதிருக்க

மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சகோதரி ஒருவரை மீள்குடியேற்றக் கிராமமொன்றில் சந்தித்தோம். ஓராண்டு கழிந்தும் அந்தப் பக்கக் கையைச் சேலைத் தலைப்புக்குள் மடக்கியே வைத்திருந்தார். "இந்தக் கையால ஒண்டும் தூக்கக் கூடாது, யானைக்கால் மாதிரி வீங்கிப்போம் எண்டு சனம் சொல்லுது" என்றார். வீக்கம் வரவில்லை, ஆனால் தோள்மூட்டு இறுகிவிட்டது. தலைவாரவும் மகளே வேண்டும்.

வீக்கம் வரலாம் என்பது உண்மை. வயலின் மிகை நீர் வடிவாய்க்காலால் கழிவதுபோல, கையின் நிணநீர் கமக்கட்டிலுள்ள சிறு கணுக்களின் வழியே வடிகிறது. புற்றுநோய் பரவாதிருக்க அக்கணுக்களை அகற்றும்போதும், அங்கு கதிர்வீச்சுக் கொடுக்கும்போதும் வாய்க்கால் பழுதுபடுகிறது. கணுக்களைப் பெருமளவில் அகற்றியவர்களுள் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுள் 20 பேரில் ஒருவருக்கே அவ்வாறாகிறது. உங்களுக்கு எது செய்யப்பட்டது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இடம்மாறும்போது கிளினிக் கொப்பியைக் கைவிட்டுவிடாதீர்கள்.

இது யானைக்கால் நோயன்று. அது நுளம்பால் பரவுவது. இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இக்கை வீக்கம் எவருக்கும் தொற்றாது.

கையை முடக்கி வைப்பது காவலன்று. அமெரிக்காவில் மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களைக் கொண்டு நடத்தி, 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மேற்பார்வையின் கீழ்ச் சிறிது சிறிதாகப் பாரம் தூக்கிப் பழகியவர்களுக்கு மற்றவர்களைவிட வீக்கம் கூடவில்லை. முதல் நாட்களில் விரல்களை மடக்கி விரியுங்கள், முழங்கையை நீட்டி மடக்குங்கள். பிறகு தாதி சொல்லும் அளவுக்குச் சுவரில் விரல்களால் மேலேறுங்கள். காயம் ஆறியபின் அரைவாளி தண்ணீர். அது பழகியபின் முக்கால் வாளி. முதல் நாளே மண்வெட்டி பிடித்து நாள் முழுதும் கொத்துவது வேறு கதை. கை பாரித்தால் நிறுத்தி, தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். உடல் எடை கூடினாலும் வீக்கத்துக்கு இடமுண்டு.

நமது பெண்களுக்குப் பெரிய ஆபத்து பாரமன்று, புண். பற்றை வெட்டும்போது முள்ளுக் கீறும், மிளகாய்க் கன்றுக்குள் களை பிடுங்கும்போது நகக்கண் வெடிக்கும், அடுப்படியில் எண்ணெய் தெறிக்கும். அவற்றின் வழியே கிருமி புகுந்தால் எஞ்சிய வாய்க்காலும் கெடும். ஆகவே தோட்டத்தில் நீண்ட கைச் சட்டையும் கையுறையும் அணியுங்கள். சிறு கீறலென்றாலும் சவர்க்காரமிட்டுக் கழுவி மருந்து பூசுங்கள். தோல் வெடிக்காதிருக்கத் தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசலாம்; ஆனால் அழுத்தி உருவுவதும் சுடு ஒத்தடமும் வேண்டாம். ஊசிக்கும் பிரஷர் பார்க்கவும் மற்றக் கையைக் கொடுப்பது நல்லது. அவசரத்தில் இதே கையில் ஏற்றினாலும் கலங்க வேண்டியதில்லை, அதனால் வீக்கம் வருமென்பதற்கு வலுவான சான்றில்லை.

வீக்கம் ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். மோதிரமோ காப்போ இறுகினால், சட்டைக் கை பிடித்தால், கை கனத்தால், அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே அளவெடுத்த அழுத்தக் கையுறை அணிந்தால் பெரும்பாலும் கட்டுப்படும். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிருமிகொல்லி மருந்து பெறவேண்டும்.