உங்களுக்குத் தெரியுமா? பழத்தில் ஏறும் உலோகம்

✦ ஈயம் படிந்த மண்ணில் ஓர் ஆப்பிள் மரம். அதன் அடியில் கேரட்டும் கீரையும் பயிரிட்டிருக்கிறார்கள். சாப்பிடும் முன் எதற்கு அதிகம் யோசிக்க வேண்டும்? கேரட்டுக்கும் கீரைக்கும்தான். வேர் உறிஞ்சும் ஈயத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். கிளையேறிப் பழம்வரை போவது சொற்பம். காட்மியம் அப்படியல்ல, செடிக்குள் சுலபமாக நகரும். மண்ணில் அமிலத்தன்மை கூடினால் இன்னும் வேகமாக ஏறும். சுண்ணாம்பு இட்டால் குறையும்.

✦ ஆப்பிள் தோட்டங்களுக்கு ஈயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் மனிதர்களே. 1892இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மரங்களை மொட்டையடித்த ஜிப்ஸி அந்துப்பூச்சியைக் கொல்ல லெட் ஆர்சனேட்டைத் தெளித்தார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த மருந்து அது. ஆப்பிளைக் குடைந்து உள்ளே போகும் காட்லிங் அந்துப்பூச்சியின் புழுவுக்கும் அது எமனானது. ஒரே பருவத்தில் பலமுறை அடித்தார்கள். புழு தாக்குப்பிடிக்கத் தொடங்கியதும் அளவைக் கூட்டினார்கள். அமெரிக்க ஆப்பிளில் ஆர்சனிக் இருப்பதாக 1920களின் நடுவில் பிரிட்டன் எதிர்ப்புத் தெரிவித்தது. அதன்பிறகு, பறித்த பழங்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி அனுப்பும் வழக்கம் பரவியது. பழம் சுத்தமானது, நிலம் ஆகவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி பூச்சிக்கொல்லி வந்து அந்த மருந்தை ஓரங்கட்டியது. அமெரிக்காவில் லெட் ஆர்சனேட்டுக்கு முறையான தடை வந்தது 1988இல்தான். ஈயம், ஆர்சனிக் இரண்டுமே தனிமங்கள் என்பதால் எத்தனை மழை பெய்தாலும் சிதைந்து மறைவதில்லை, மேல்மண்ணிலேயே கிடக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் பழைய தோட்டங்கள் இருந்த இடத்தில் பிறகு வீடுகளும் பள்ளிகளும் எழுந்தன. அங்கே பல பள்ளி மைதானங்களின் மண்ணை அரசே சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. தாத்தா காலத்தில் அடித்த மருந்து, பேரன் விளையாடும் மண்ணில்! இந்த அநியாயத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

✦ மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் பிறந்தது. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்கப் பாதையோரக் கொடிகளில் இதைப் பூசியிருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்டே, 1885இல் அதை மருந்தாக அறிவித்தார். நம் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிகளுக்கும் இது பழகிய மருந்துதான். மயில்துத்தத்தில் உள்ள செம்பு பயிருக்கு வேண்டிய சத்து, ஆனால் மிகக் கொஞ்சம் போதும். மிச்சம் மண்ணில் சேர்ந்து மண்புழுவைப் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ செம்பு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இயற்கை விவசாயத் தோட்டங்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

✦ சாக்லேட்டும் ஒரு பழத்தின் விதையிலிருந்து வருவதுதான். கோகோ விதைக்குள் காட்மியம் வருவது மண்ணிலிருந்து, வேர் வழியாக. ஈயமோ பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு, விதையைக் காயப்போடும்போது தூசியோடு வந்து ஒட்டுகிறது. முன்னதற்கு மண்ணைச் சீர்செய்ய வேண்டும். பின்னதைச் சுத்தமான களத்தில் உலர்த்தினாலே பெருமளவு குறைக்கலாம்.

✦ 2023 அக்டோபர். அமெரிக்காவின் வட கரோலினாவில் சில குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. ஏன் என்று தேடிய அதிகாரிகளுக்குக் கிடைத்த பொதுவான பொருள், 'வனாபனா' என்ற பெயரில் பையில் அடைத்து விற்ற இலவங்கப்பட்டை கலந்த ஆப்பிள் கூழ். ஆப்பிளில் குற்றமில்லை; பட்டைத்தூளில் இருந்தது. ஈக்வடார் தொழிற்சாலையில் எடுத்த பட்டைத்தூள் மாதிரி ஒன்றில், கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் ஈயம்! கூடவே குரோமியமும் இருந்ததால், நிறத்துக்காக லெட் குரோமேட் சேர்த்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. மஞ்சள்தூளைப் பளிச்சென்று காட்டக் கலப்படக்காரர்கள் சேர்ப்பதும் இதே பொருள்தான். பாதிக்கப்பட்டதாகப் பதிவானவர்கள் 500 பேருக்கு மேல், பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள். சத்தான தீனி என்று நம்பிக் கொடுத்த பெற்றோரை நினைத்தால் மனசு பதறுகிறது.

✦ உணவில் வரும் ஈயத்தில் பெரியவர்கள் உடல் சுமார் பத்தில் ஒரு பங்கை ஏற்கும். குழந்தைகள் உடல் பாதிவரை ஏற்றுக்கொள்ளும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைக்கு இன்னும் மோசம்.

✦ பழத்தைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் தோலில் ஒட்டிய தூசியும் அதிலுள்ள ஈயமும் போகும். சதைக்குள் ஏறியது போகாது. அங்கே பரிசோதனைக்கூடம்தான் கதி. பழங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்துள்ள ஈய வரம்பு, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். குழந்தைகளுக்கான பழக்கூழுக்கு 0.01 மில்லிகிராம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் அறிவித்தது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை. கலிபோர்னியா ஒரு படி மேலே போய், குழந்தை உணவை மாதந்தோறும் பரிசோதித்து முடிவைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. கடையில் நிற்கும் தாய் பையிலுள்ள கியூஆர் குறியீட்டைப் போனில் காட்டினால், அதில் ஈயம் எவ்வளவு என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.