பலகையில் ஒட்டிய சீட்டுக்கு யார் பொறுப்பு?

சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் நம் கண் முதலில் போவது அறிவிப்புப் பலகையின் மேல்தான். துவரம் பருப்பு, சர்க்கரை, பாமாயில் விலைச் சீட்டு, பொதுக்குழுத் தேதி, வரி கட்டக் கடைசி நாள், உறுப்பினர் இல்லத் திருமண அழைப்பு என எல்லாம் அங்கே இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு நாள், கையெழுத்து இல்லாத ஒரு துண்டுச் சீட்டும் வந்து உட்கார்ந்துவிடும். அந்தத் துண்டுச் சீட்டைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது சங்கத்திலேயே நடந்த சம்பவம் இது. சில்லறை மளிகைக் கடைக்காரர் ஒருவர் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. அவருக்கு வரவேண்டிய வசூல் ஒரு நாள் தாமதமானதுதான் காரணம். மூன்றாம் நாள் முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டி ரசீதும் வாங்கிவிட்டார். ஆனால் அதற்குள் யாரோ அவர் பெயரையும் கடையின் பெயரையும் எழுதி, "மோசடிப் பேர்வழி, சரக்குக் கொடுத்து ஏமாறாதீர்கள்" என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள். அந்தச் சீட்டு மூன்று வாரம் அங்கேயே இருந்தது. நாமும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போனோம். ஒட்டியது நாம் அல்லவே, நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

இதற்கிடையில் நான்கு மண்டிகளில் அவருக்குக் கடனுக்குச் சரக்கு நின்றுபோயிற்று. தீபாவளிக்கு முந்தைய மாதம் அது. ஒரு நாள் அவர் சங்கத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "எழுதினவர் யாரோ, போகட்டும் அண்ணாச்சி. தினம் பலகையைப் பூட்டித் திறக்கிற நீங்கள் ஏன் எடுக்கவில்லை?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை. அன்றைக்குத்தான் வக்கீலிடம் போனோம். அவர் சொன்னவற்றையும், பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சக சங்கங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறோம்.

கோல்ஃப் கிளப்பில் ஒரு வழக்கு

இந்தக் கேள்வியை 1937-லேயே இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்திருக்கிறது. வழக்கின் பெயர் 'பைர்ன் எதிர் டீன்'. ஒரு கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர்கள் காசு போட்டு விளையாடும் சூதாட்ட எந்திரங்கள் இருந்தன. அவை சட்ட விரோதமானவை. யாரோ போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட, எந்திரங்கள் போய்விட்டன. உடனே தகவல் கொடுத்தவரைத் திட்டி, தட்டச்சு செய்த ஒரு பாட்டு கிளப்பின் சுவரில் தோன்றியது. அது தன்னைத்தான் குறிக்கிறது என்று பைர்ன் என்ற உறுப்பினர் வழக்குத் தொடுத்தார். எழுதியவர் யார் என்று தெரியவில்லை. எனவே கிளப்பை நடத்தியவர்கள் மீதே வழக்கு.

செயலாளர் அனுமதியின்றி எந்த அறிவிப்பும் ஒட்டக் கூடாது என்று அந்தக் கிளப்பில் விதியே இருந்தது. பாட்டு சுவரில் இருந்தது நிர்வாகத்துக்குத் தெரியும். எடுக்க நினைத்தால் ஒரு நொடியில் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஆகவே அதைத் தொடர்ந்து அங்கே இருக்கவிட்டதன் மூலம், அதை வெளியிட்ட பொறுப்பை நிர்வாகமும் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளலாம் என்று நீதிமன்றம் கருதியது. நீக்குவதற்குப் பெரும் செலவும் சிரமமும் ஆகும் என்றால், உதாரணமாகக் கல்லில் ஆழமாகச் செதுக்கிவிட்டால், அது வேறு விஷயம் என்றும் நீதிபதி கிரீன் குறிப்பிட்டார்.

இறுதியில் பைர்ன் தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குற்றம் நடப்பதைப் போலீசுக்குச் சொன்னார் என்பது நேர்மையானவர்கள் பார்வையில் ஒருவருக்கு இழிவாகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் பொறுப்பு பற்றிச் சொன்னது நிலைத்துவிட்டது. ஆங்கிலேயத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் நம் நாட்டில் அவதூறுக்கான சிவில் சட்டம் தனிச் சட்டமாக எழுதப்படாததால், இத்தகைய தீர்ப்புகளை நீதிமன்றங்கள் எடுத்துப் பார்ப்பதுண்டு.

நம் நாட்டுச் சட்டம்

அவதூறு இங்கே சிவில், கிரிமினல் இரண்டுமாகும். முன்பு 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 499, 500-ஆம் பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக இருக்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அவதூறு என்று தெரிந்தும், அல்லது அவ்வாறு நம்ப நல்ல காரணம் இருந்தும் அதை அச்சிடுபவருக்கும் இதே பிரிவில் தண்டனை உண்டு. ஆகவே செய்தி மடல் நடத்தும் சங்கங்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இந்தக் கிரிமினல் சட்டம் செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருக்கிறது. நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்கை, எழுத்தில் வந்த அவதூறானால் வெளியான ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

வியாபாரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிறர் மதிப்பில் ஒருவருடைய ஒழுக்கத்தை மட்டுமல்ல, அவருடைய தொழில் சார்ந்த பெயரையும், கடன் பெறும் நாணயத்தையும் தாழ்த்துவது அவதூறுதான் என்று சட்டத்தின் விளக்கமே கூறுகிறது. "இவருக்குக் கடன் கொடுக்காதே" என்ற சீட்டு நேராக அங்கேதான் போய் அடிக்கிறது. பெயர் போடாமல் "மூன்றாவது தெரு முனைக் கடை" என்று எழுதினாலும், படிப்பவர்களுக்கு ஆள் தெரிந்தால் தப்பிக்க முடியாது.

"உண்மையைத்தானே எழுதினோம்?" என்று கேட்கலாம். சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் போதும். கிரிமினல் வழக்கில் உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதற்கும், ஒருவரை அவர் நன்மைக்காக எச்சரித்ததற்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் நல்லெண்ணம் என்றால் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது மட்டும் அல்ல. உரிய கவனத்தோடு விசாரித்துச் செய்திருக்க வேண்டும். நமது மளிகைக் கடைக்காரர் விஷயத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால், பணம் கட்டியாயிற்று என்பது தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

மூன்று வழிகள்

பலகையை நிர்வகிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், நாம் பார்ப்பதே இல்லை என்பது. பார்க்காததால் பொறுப்பில்லை என்று சில நிர்வாகிகள் நினைக்கிறார்கள். சங்கக் கட்டடத்துக்குள், தினமும் கடந்து போகும் சுவரில் இருப்பதைப் பார்க்கவே இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

இரண்டாவது, செயலாளர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே ஒட்டுவது. இதில் தவறு நுழைவது குறைவு. ஆனால் நுழைந்துவிட்டால், தெரிந்தே அனுமதித்ததாகிவிடும். மேலும் செயலாளருக்குப் பிடிக்காத நியாயமான புகார்களும் வெளிவராமல் போகலாம். சங்கக் கணக்கைக் கேள்வி கேட்கும் சீட்டு மட்டும் எப்போதும் காணாமல் போனால், அந்தப் பலகையை உறுப்பினர்கள் மதிப்பார்களா?

மூன்றாவது, உறுப்பினர்கள் தம் பெயர் போட்டு ஒட்டலாம், ஆட்சேபம் வந்தால் உடனே எடுத்து விசாரிப்பது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்த முறையே நம்மைப் போன்ற சிறிய சங்கங்களுக்கு ஏற்றது என்பது நமது கருத்து. நாம் இப்போது கடைப்பிடிப்பவை இவை:

1. பலகைக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் உண்டு. சாவி செயலாளரிடமும் மேலாளரிடமும் மட்டும்.

2. பெயர், கையெழுத்து, தேதி இல்லாத சீட்டு ஏறாது. ஒவ்வொரு சீட்டும் பதிவேட்டில் ஏறும். 15 நாளில் இறங்கும்.

3. விலை, சரக்கு, ஆள் தேவை, சங்க நிர்வாகம் பற்றிய கேள்வி ஆகியவற்றுக்குத் தடை இல்லை. நிர்வாகிகளைக் குறை கூறினாலும் கண்ணியமாக இருந்தால் ஒட்டப்படும். தனி நபரின் நாணயம், குடும்பம், சாதி, மதம் பற்றியவை ஒட்டப்பட மாட்டா.

4. ஆட்சேபம் வந்தால் அன்றே சீட்டை எடுத்துவிடுவோம். கிழித்துப் போடாமல் தேதி குறித்துக் கோப்பில் வைப்போம். மூன்று பேர் குழு ஒரு வாரத்தில் இரு தரப்பையும் கேட்கும்.

5. தவறு என்று தெரிந்தால், சீட்டு இருந்த அத்தனை நாளும் திருத்தமும் அதே இடத்தில் இருக்கும்.

போனில் உள்ள பலகை

இன்று பல சங்கங்களுக்கு வாட்ஸ்அப் குழுவே பலகையாகிவிட்டது. குழுவின் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, இன்னொருவர் போட்ட செய்திக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் கூறியிருக்கின்றன. இது நிம்மதிதான். ஆனால் அட்மினும் அந்த எண்ணத்தில் பங்கு கொண்டிருந்தால் கதை வேறு. தவிர, பிறர் போட்ட செய்தியை எல்லாருக்கும் நீக்கும் வசதியை அட்மினுக்கு வாட்ஸ்அப் 2022-இல் கொடுத்துவிட்டது. எடுக்கும் வசதி கையில் இருக்கும்போது எடுக்காமல் விட்டால், கோல்ஃப் கிளப்பில் எழுந்த அதே கேள்வி நாளை இங்கேயும் எழலாம். எனவே குழுவுக்கும் மேற்கண்ட விதிகளையே வைத்துக்கொள்வது நல்லது.

பாக்கிக்கு என்ன வழி?

"அப்படியானால் ஏமாற்றுகிறவனை யார் கேட்பது?" என்ற கோபம் நியாயமானதே. மொத்த வியாபாரியின் பணமும் ரத்தமும் வியர்வையும்தான். ஆனால் அதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பலகையில் சீட்டு ஒட்டிவிட்டு இந்த 30 நாளைக் கோட்டை விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பணமும் வராமல், எதிராளி போட்ட அவதூறு வழக்குக்கு வாய்தாவுக்கு அலைந்தவர்களும் உண்டு.

கடன் கேட்கும் புதியவரைப் பற்றி இன்னொரு வியாபாரி நம்மிடம் நேரில் விசாரித்தால், நமக்குத் தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு மட்டும் அவரிடம் சொல்லலாம். தெருவுக்கே சொல்வது வேறு, கேட்டவருக்குச் சொல்வது வேறு.

அந்த மளிகைக் கடைக்காரர் வழக்குப் போடவில்லை. நாம் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்ட அறிக்கையை மூன்று வாரம் பலகையில் வைத்தோம். நான்கு மண்டிக்கும் தலைவரே நேரில் போய்ச் சொன்னார். மூன்று மண்டிகள் மீண்டும் கடன் கொடுத்தன. நான்காவது இன்றுவரை ரொக்கத்துக்குத்தான் கொடுக்கிறது. மூன்று வாரம் நாம் கை நீட்டி எடுக்காத ஒரு துண்டுச் சீட்டின் பாக்கி அது. சங்க நிர்வாகிகள் இன்று மாலை ஒரு முறை தங்கள் பலகை முன் நின்று, அதில் உள்ள ஒவ்வொரு சீட்டையும் படித்துப் பார்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.