காற்றில்லா உலகைக் கண்டறிந்த கதை

மனிதர் எவரும் கண்ணாற் காணாத ஓர் உலகிலே காற்று உண்டா, இல்லையா என்று இங்கிருந்தவாறே கூறிவிட முடியுமா? அவ்வுலகின் உருவத்தை எந்தத் தொலைகாட்டியும் படம்பிடித்ததில்லை. அங்கிருந்து புறப்படும் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 49 ஆண்டுகள் செல்கின்றன. அவ்வாறிருந்தும், அவ்வுலகிலே தடித்த காற்றுப் போர்வை இல்லையென்று 2019ஆம் ஆண்டில் வானியலறிஞர் துணிந்து கூறினர். அவர்கள் இதனை எவ்வாறு அறிந்தனர் என்பதையும், இச்செய்தி நமக்கு ஏன் முக்கியமாகின்றது என்பதையும் சிறிது ஆராய்வோம்.

செங்குறுமீன்கள்

இரவு வானை அண்ணாந்து நோக்குகையில் நாம் காணும் விண்மீன்கள், அங்கே உள்ளவற்றுள் மிகச் சிலவே. நமது பால்வீதியிலுள்ள விண்மீன்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, செங்குறுமீன்கள் எனப்படும் சிறிய செந்நிற விண்மீன்களாகும். இவை ஞாயிற்றினும் சிறியன, வெப்பம் குறைந்தன, ஒளி மங்கியன. ஆதலின் இவற்றுள் ஒன்றேனும் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஞாயிற்றை அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனாகிய புறொக்சிமா சென்ரோறியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருந்தும் அதனை நாம் வெறுங்கண்ணாற் காண முடிவதில்லை.

நாம் இங்கே எடுத்துக்கொண்ட செங்குறுமீனின் பெயர் எல்.எச்.எஸ். 3844 என்பது. வானில் விரைந்து இடம்பெயரும் விண்மீன்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்ட லூய்ற்றன் என்னும் அறிஞரின் தொகுப்பிலே அது பெற்ற இலக்கமே அதற்குப் பெயராக அமைந்தது. அதன் குறுக்களவு ஞாயிற்றின் குறுக்களவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கேயாகும்.

2018ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, ரெஸ் என்னும் செயற்கைக்கோளை வானுக்கு அனுப்பியது. விண்மீன்களின் ஒளியை இடைவிடாது அளந்துகொண்டிருப்பதே அதன் தொழில். ஒரு கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே குறுக்கிடுமாயின், அவ்விண்மீனின் ஒளி சிறிது குறையும். எல்.எச்.எஸ். 3844இன் ஒளி, ஏறத்தாழ 11 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை, ஆயிரத்தில் நான்கு பங்களவு குறைவதை ரெஸ் கண்டது. இக்குறைவிலிருந்து, பூமியைப் போல் 1.3 மடங்கு குறுக்களவுள்ள ஒரு கோள் அங்கே சுற்றுகின்றது என்பது தெளிவாயிற்று. அவ்வளவினதாகிய கோள்கள் பெரும்பாலும் பாறையாலானவை. தன் விண்மீனை மிக நெருங்கிச் சுற்றுவதால், அக்கோளின் ஓராண்டு நமது அரை நாளினும் குறுகியது.

ஒரு பக்கம் பகல், மறு பக்கம் இரவு

சந்திரன் எப்பொழுதும் தன் ஒரு முகத்தையே பூமிக்குக் காட்டி வருதலை நாம் அறிவோம். தன் விண்மீனை மிக நெருங்கிச் சுற்றும் கோளும், விண்மீனின் ஈர்ப்பாற் பிணிக்கப்பட்டு, இவ்வாறே ஒரு முகத்தை மாத்திரம் அதற்குக் காட்டிக்கொண்டு சுற்றும். ஆதலின் அக்கோளின் ஒரு பாதியில் என்றும் பகல். மறு பாதியில் என்றும் இரவு. காற்று உண்டா என்ற வினாவுக்கு விடையளிக்க அறிஞர்க்குத் துணைநின்றது இந்நிலையே.

வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்வது காற்று. வெள்ளிக் கோளைத் தடித்த காற்று மண்டலம் போர்த்துள்ளது. அதனால் அங்கே பகலிலும் இரவிலும் ஏறத்தாழ 460 சென்ரிகிறேட் பாகை வெப்பம் நிலவுகின்றது. காற்றற்ற சந்திரனின் நிலையோ வேறு. அதன் நடுக்கோட்டுப் பகுதியிலே, பகலில் 120 பாகை வரை ஏறும் வெப்பநிலை, இரவிற் பூச்சியத்துக்குக் கீழே 130 பாகைக்கு இறங்கிவிடுகின்றது. எனவே, ஒரு கோளின் பகற்பக்கமும் இரவுப்பக்கமும் எவ்வளவு வெப்பமுடையன என அளந்தால், அங்கே காற்று உண்டா என்பதை உய்த்துணரலாம்.

ஆயின், கோளைத் தனியே காண முடியாதவிடத்து அதன் வெப்பத்தை அளப்பது எவ்வாறு? விண்மீனிலிருந்தும் கோளிலிருந்தும் வரும் கதிர்கள் ஒன்றாகக் கலந்தே நம்மை அடைகின்றன. கோள் சுற்றிவருகையில், ஒருபோது தன் இரவுப்பக்கத்தையும் மற்றொருபோது தன் பகற்பக்கத்தையும் நம்மை நோக்கித் திருப்பும். பின்பு விண்மீனுக்குப் பின்னே மறைந்துவிடும். மறைந்திருக்கும்போது நாம் பெறுவது விண்மீனின் கதிர் மாத்திரமே. அதனை முன்னைய கூட்டுத்தொகையிலிருந்து கழித்தால் எஞ்சுவது கோளின் பங்கு. கழித்தற் கணக்குச் சிறுவரும் அறிந்ததே. ஆனால், இங்கே எஞ்சுவது பத்தாயிரத்தில் நான்கு பங்கு மாத்திரமே என்பதை நினைக்கும்போதுதான் அவ்வேலையின் அருமை புலனாகும்.

நூறு மணித்தியால நோக்கு

இவ்வேலைக்கு உதவியது ஸ்பிற்சர் என்னும் விண்வெளித் தொலைகாட்டி. 2003ஆம் ஆண்டில் ஏவப்பட்டு 2020ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற அக்கருவி, கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களை அளக்க வல்லது. அதன் ஆடியின் குறுக்களவு 85 சென்ரிமீற்றர் மாத்திரமே. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்பிற்சர் 100 மணித்தியாலம் இவ்விண்மீனை நோக்கியது. லோறா கிறைட்பேர்க் என்னும் பெண் அறிஞரின் தலைமையில் ஒரு குழுவினர் இவ்வளவீடுகளை ஆராய்ந்து, அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் முடிவை வெளியிட்டனர்.

பகற்பக்கத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 770 பாகை என அவர்கள் கண்டனர். இரவுப்பக்கத்திலிருந்தோ அளக்கத்தக்க வெப்பம் எதுவும் வரவில்லை. ஒரு பக்கம் உலைக்களம். மறு பக்கம் உறைகுளிர். வெப்பத்தைச் சுமந்து செல்லக் காற்று அங்கே இல்லை. பூமியிலுள்ளதைப் போற் பத்து மடங்குக்கு மேல் அமுக்கமுள்ள காற்று அங்கே இருத்தல் இயலாது என்றும், அதனின் மெல்லிய காற்று இருந்திருப்பினும் விண்மீனிலிருந்து வீசும் துகள்களால் நாளடைவில் அடித்துச் செல்லப்பட்டிருக்கும் என்றும் அவர்கள் கணித்தனர். மேலும், அக்கோளின் தரை மிகக் கருமையானது என்றும், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் கரும்பாறையை ஒத்தது என்றும் கண்டனர். பௌர்ணமி நிலவில் முயல்போலத் தோன்றும் கறையும் அத்தகைய பாறைப் பரப்பேயாகும்.

நமக்கு என்ன பயன்?

எங்கோ ஒரு பாறை வெறும் பாறையாகவே கிடக்கின்றது என்று அறிவதால் யாது பயன் என்று சிலர் வினவக்கூடும். விண்மீன்களுட் பெரும்பாலானவை செங்குறுமீன்கள் என்று முன்னர்க் கண்டோம். ஆகவே, பாறையாலான கோள்களுட் பலவும் அவற்றைச் சுற்றியே இருத்தல் வேண்டும். ஆனால், செங்குறுமீன்கள் தம் இளமைக்காலத்திற் சீற்றம் மிக்கவை. அவை உமிழும் ஊதாக்கடந்த கதிர்களும் ஊடுகதிர்களும் அண்டையிலுள்ள கோளின் காற்றைச் சிறிது சிறிதாகப் பறித்துவிடும். அவற்றைச் சுற்றும் கோள்கள் காற்றைக் காத்துக்கொள்ள முடியுமாயின், உயிர் வாழத்தக்க உலகங்கள் எண்ணிலவாக இருத்தல் கூடும். முடியாதாயின், நம் பூமியைப் போன்ற உலகம் மிக அரிதாகிவிடும். இவ்வழக்கிலே எல்.எச்.எஸ். 3844இன் கோள் ஒரு சாட்சி.

ஒரு சாட்சியைக் கொண்டு தீர்ப்பளித்தல் முறையன்று. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி இவ்விசாரணையைத் தொடர்ந்தது. 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள திறாப்பிஸ்ற்-1 என்னும் செங்குறுமீனை ஏழு கோள்கள் சுற்றுகின்றன. அவற்றுள் விண்மீனுக்கு மிக அருகிலுள்ளதன் பகற்பக்க வெப்பம் ஏறத்தாழ 230 பாகை என 2023ஆம் ஆண்டில் அறியப்பட்டது. காற்றற்ற வெறும் பாறைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவே அது. ஆயினும், இவ்விரு கோள்களும் தத்தம் விண்மீனை மிக நெருங்கியவை. சற்று எட்ட நின்று, மிதமான வெப்பம் பெறும் கோள்களின் கதை இவற்றினின்றும் வேறாக இருத்தலும் கூடும்.

மாணவர்கள் இங்கே ஒன்றை மனங்கொள்ளல் நன்று. 'உண்டு' என்ற விடையைப் போலவே 'இல்லை' என்ற விடையும் அறிவேயாகும். விரும்பியது கிடைக்கவில்லையென்று அளவீட்டைத் திரித்துக் கூறாமல், கண்டதைக் கண்டவாறே உரைப்பது விஞ்ஞானியின் அறம்.

அனைத்துலக வானியற் சங்கத்தின் பெயரிடும் போட்டியின் பயனாக, இவ்விண்மீனுக்கும் கோளுக்கும் கொஸ்ரா றிக்கா நாட்டின் பிறிபிறி என்னும் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. விண்மீனுக்குப் பூக்களில் தேனுண்ணும் ஒரு சிறு பறவையின் பெயர். கோளுக்கு வண்ணத்துப்பூச்சியின் பெயர். சிறகடிக்கச் சிறிதளவு காற்றும் இல்லாத உலகுக்கு வண்ணத்துப்பூச்சி என்ற பெயர் வாய்த்தது விந்தையே. நமது முற்றத்துச் செடியிலே வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்தமரும்போது, அதனைத் தாங்கி வந்த காற்றின் அருமையையும் நாம் ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.