வேகச் சிறு கார்கள் இரண்டு

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருவீதியில் பாலாவிச் சந்தியை அடைந்து இடப்புறம் திரும்பினால், கற்பிட்டிக்குச் செல்லும் நீண்ட பாதை தொடங்குகிறது. ஒருபுறம் உப்பளம், மறுபுறம் தென்னை, எங்கும் உப்புக்காற்று. இத்தகைய வீதியைக் கண்ட இளைஞர்களுக்கு விரைந்தோடும் சிறு காரின்மேல் ஆசை பிறப்பது இயல்பே. அவ்வாசைக்கு இருவேறு காலங்களும் இருவேறு நாடுகளும் அளித்த இரு விடைகளை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, பிரித்தானியாவின் மினி கூப்பர். 1956ஆம் ஆண்டின் சுயஸ் நெருக்கடியால் பெற்றோல் அருகியபோது, நம் நாட்டார் நன்கறிந்த மொறிஸ் மைனரை வகுத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே மினியையும் வகுத்தார். 1959இல் அது வெளிவந்தது. எஞ்சினைக் குறுக்காக வைத்து, முன்சில்லுகளை இயக்கச் செய்தமையால், பத்தடி நீள வண்டியிலும் நால்வர் அமர இடம் கிடைத்தது. 1961இல் ஜோன் கூப்பரின் முயற்சியால் அதற்கு வலுவும், முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்கும் சேர்ந்தன. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டே கார்லோ மலைப்பாதைப் போட்டியில் இச்சிறு வண்டியே வென்றது.

மினியின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதன்று. அத்தகைய கதவுடைய வேகக் காருக்கு இலக்கணம் வகுத்தது 1976இல் விற்பனைக்கு வந்த ஜேர்மனியின் கொல்ஃப் ஜிரிஐ.

இரண்டாவது, 2017இல் வெளிவந்த யப்பானின் சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட். 1977இல் இலங்கையின் இறக்குமதிக் கதவு திறந்தபின் யப்பானிய வண்டிகள் இங்கே பெருகின. அங்கும் வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடுவது அதற்கொரு வசதியாயிற்று. சுவிஃப்ட்டின் எஞ்சின் 1.4 லீற்றர். வெளியேறும் புகையே ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றிக் காற்றை உள்ளே அழுத்துவதால், 140 குதிரைவலு பிறக்கிறது. எடை 970 கிலோ. 1964இன் 1275 கூப்பர் எஸ் வண்டிக்கோ 76 குதிரைவலு. எடை 700 கிலோவுக்கும் குறைவு. பழையது இலேசினால் விரைந்தது. புதியது வலுவினால் விரைகிறது.

பழையதைத் திறமையுள்ள எந்தத் திருத்துநரும் கைக்கருவிகளாற் பழுதுபார்க்கலாம். ஆனால் கதவடிச் சட்டங்களில் தங்கும் ஈரமும் உப்பும் அதன் இரும்பை விரைவில் அரித்துவிடும். புதியதிற்குக் கணினி தேவை. எனினும் காற்றுப்பைகளும் சறுக்கலைத் தடுக்கும் பொறியும் உயிரைக் காக்கும். எதுவாயினும், கடற்கரையில் ஓடிய வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் அடிக்கடி கழுவுதல் வேண்டும்.

அன்பர்களே, ஒரு கணக்கை மறவாதீர்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் வண்டி 70இல் ஓடினால், பிறேக்கை அழுத்தியபின் அது நிற்பதற்கு ஏறக்குறைய இருமடங்கு தூரம் தேவை. கற்பிட்டிப் பகுதியில் கழுதைகள் இரவிலும் வீதியில் நிற்பதுண்டு. மிதிவண்டியில் வீடு திரும்புவோரும் உண்டு. ஆதலால் சிறு காரின் உண்மையான பெருமை, அது எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதிலன்று. வேண்டிய இடத்தில் சொன்னபடி நிற்கிறது என்பதிலேயே இருக்கிறது. மினி கூப்பர் வலுவோடு பிறேக்கையும் சேர்த்தே பெற்றது. அந்தப் பாடம் இன்றைய ஓட்டுநருக்கும் பொருந்தும்.